க்யூ, எக்ஸ், இசட் வரும் நீளமான ஆங்கிலச் சொற்கள்: பொருளோடு சொல்லுங்கள்

நிலாப்பிரியை
எல்லோருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு. ஒரு மாதமாகச் சொல்விளையாட்டுப் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. தினமும் படுக்கும் முன் ஏதாவது ஓர் எழுத்தைச் சொல்லி, "இது வர்ற நீளமான வார்த்தை ஒண்ணு சொல்லும்மா" என்று உயிரை வாங்குகிறாள். என் சரக்கு மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. தேடினால் வெறும் பட்டியல்கள்தான் கிடைக்கின்றன. பாதிச் சொல்லுக்குப் பொருளே இல்லை. "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டால் நான் முழிக்கிறேன்.

எனவே ஒரே நிபந்தனை: பொருள் சொல்லாமல் சொல் போடக்கூடாது. இங்கே தமிழ் எழுத்து மட்டும் என்பது பழைய விதி என்பதால் ஸ்பெல்லிங் சொல்லும்போது எந்த பி, எந்த டி என்று குழப்பம் வரும். பாய் பி, பேரட் பி, டாக் டி, டைகர் டி என்று வைத்துக்கொள்வோம்.

தெற்றுப்பல்
இதற்கு எதற்கு இழை? உலகத்திலேயே நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றுதான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். எரிமலைத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய். 45 எழுத்து. இழையை மூடலாம் :)

கணக்குப்பிள்ளை
//உலகத்திலேயே நீளமான ஆங்கிலச் சொல் ஒன்றுதான்//

45 எழுத்து சரி, எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனால் அது பிறந்த கதையையும் சொல்லியிருக்கலாம். 1935-இல் அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற புதிர்க்காரர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், அதன் தலைவர் எவரெட் ஸ்மித் அவிழ்த்துவிட்ட சரக்கு அது. எந்த நோயாளிக்காகவும் உண்டாக்கியதில்லை. இருப்பதிலேயே நீளமாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான். செய்தித்தாளில் வந்தது, பிறகு அகராதிக்குள்ளும் புகுந்துவிட்டது. நீளத்துக்காகவே நீட்டிய சொல்லை நான் ஆட்டத்தில் சேர்க்கமாட்டேன்.

பாப்பாவுக்கு ஒன்று மட்டும் சொல்லலாம்: அதில் ஓ 9 முறை வருகிறது, சி 6 முறை. இ ஒரே ஒரு முறை.

தெற்றுப்பல்
எல்லாச் சொல்லும் யாரோ ஒருவர் உண்டாக்கியதுதானே அண்ணே? சொல் என்ன மரத்திலா காய்க்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்களுக்கு மட்டும் ஏன் வயிற்றெரிச்சல்?

மருந்துச்சீட்டு
நான் மருத்துவர். இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை ஒரு கேஸ் ஷீட்டிலும் பார்த்ததில்லை. சிலிக்கா தூசியால் வருவதற்கு சிலிகோசிஸ் என்று எழுதுவோம். தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் அத்தனைக்கும் பொதுப்பெயர் நியூமோகோனியோசிஸ். அதுவே போதுமான அளவுக்கு வாயை உடைக்கும்.

தேவைக்காகவே பிறந்த நீளச் சொல் வேண்டுமா? சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம். 30 எழுத்து. கழுத்தில் தைராய்டை ஒட்டி பாராதைராய்டு என்று நான்கு குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன, ரத்தத்தில் கால்சியத்தை அளவோடு வைத்திருப்பது அவற்றின் வேலை. அவை சரியாகச் சுரக்காவிட்டால் ஹைப்போபாராதைராய்டிசம். சிலருக்குச் சுரப்பி நன்றாகவே வேலை செய்யும், உடம்புதான் அந்த ஹார்மோனுக்குச் செவிசாய்க்காது. நோய் அதே மாதிரி தெரியும், ஆனால் அது அல்ல. அதனால் முன்னால் ஒரு "சூடோ", அதாவது போலி. ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவர் இதை 1942-இல் விவரித்தார். பிறகு இன்னொரு வகை நோயாளிகளைப் பார்த்தார். குள்ளமான உடல், கட்டையான விரல்கள் என்று வெளித்தோற்றம் எல்லாம் அந்தப் போலி நோய் போலவே, ரத்தத்தில் கால்சியம் மட்டும் சரியாக இருந்தது. அப்போது என்ன செய்வது? 1952-இல் இன்னொரு "சூடோ"வை முன்னால் ஒட்டினார்.

தெற்றுப்பல்
போலிக்குப் போலி! பெயர் வைக்கச் சோம்பல்பட்டவர் என்று தெரிகிறது.

மருந்துச்சீட்டு
சோம்பல் இல்லை, சிக்கனம். பெயரைப் படித்தாலே நோயின் கதை தெரிகிறதே.

நிலாப்பிரியை
டாக்டர், இதை நேற்று ராத்திரி சொன்னேன். "போலியோட போலின்னா அசல்தானேம்மா?" என்றாள். பதில் தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டேன்.

நீளம் போதும். இப்போது அவளுக்கு அரிய எழுத்துகள் வேண்டுமாம். முதலில் க்யூ. அதிலும் பின்னால் யூ வரக்கூடாதாம்!

கட்டம்63
இது நம்ம ஏரியா. பல வருடமாக ஸ்கிராபிள் (எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஆட்டம்) ஆடுகிறேன். கையில் க்யூ வந்து யூ வராவிட்டால் நெஞ்சுவலி வரும். அதற்காகவே மனப்பாடம் செய்து வைத்த சொற்கள் இவை. க்யூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல், உச்சரிப்பு "ச்சீ". சீனர்கள் சொல்லும் உயிராற்றல். க்யூ-ஓ-பி-எச், கோஃப், ஹீப்ரு எழுத்து ஒன்றின் பெயர் (பேரட் பி). கனாட், க்யூ-ஏ-என்-ஏ-டி, பாரசீகத்தில் மலையடிவாரத்திலிருந்து நிலத்துக்கடியில் தண்ணீர் கொண்டுவர வெட்டிய கால்வாய் (டைகர் டி). ஃபக்கீர், நிகாப், புர்கா எல்லாவற்றையும் க்யூ போட்டு எழுதலாம், யூ ஒட்டாது. புர்காவில் யூ உண்டு, ஆனால் க்யூவுக்கு முன்னால். கவ்வாலி கூட உண்டு, 7 எழுத்து.

நீளமானது வேண்டுமென்றால் சிங்ஹாவ்சு. க்யூ-ஐ-என்-ஜி-எச்-ஏ-ஓ-எஸ்-யூ. 9 எழுத்து. யூ இருக்கிறது, ஆனால் கடைசியில்தான்.

மருந்துச்சீட்டு
அது ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தின் சீனப் பெயர். அதைக் கண்டெடுத்த தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு வாங்கினார்.

தெற்றுப்பல்
மருந்தில் ஒரு யூ, கண்டுபிடித்தவர் பெயரில் இரண்டு யூ. க்யூ மட்டும் தனியாக நிற்கிறது, பாவம்.

பழஞ்சுவடி
க்யூவுக்குப் பின்னால் யூ ஏன் வருகிறது என்று குழந்தை கேட்டாளா? கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன், நாளைக்குக் கேட்பாள்.

பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலிக்கு சி-டபிள்யூ என்றுதான் எழுதினார்கள். குயீன் என்பது அன்று சி-டபிள்யூ-இ-என். குயிக் என்பது சி-டபிள்யூ-ஐ-சி. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின், பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்கள் தங்கள் கைப்பழக்கப்படி சி-டபிள்யூ இருந்த இடத்தில் க்யூ-யூ போட ஆரம்பித்தார்கள். அது நிலைத்துவிட்டது. ஆக, யூ இல்லாத க்யூவைப் பார்த்தால் அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு விருந்தாளி என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். கட்டம் தம்பி கொடுத்ததைப் பாருங்கள்: அரபு, பாரசீகம், ஹீப்ரு, சீனம். அரபில் தொண்டையின் ஆழத்திலிருந்து வரும் "காஃப்" என்ற எழுத்துக்கு க்யூ போடுகிறார்கள். சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் "ச்ச" போன்ற ஒலிக்கு க்யூ. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, எழுத்து மட்டும் ஒன்று.

புதியவன்7
வணக்கம், புதிதாகச் சேர்ந்தேன். கவ்வாலி 7 எழுத்து என்கிறீர்கள். நான் எண்ணினால் 4தான் வருகிறது?

கணக்குப்பிள்ளை
தம்பி, க-வ்-வா-லி என்று எண்ணியிருக்கிறீர்கள்! நமக்கு "வா" ஓர் எழுத்து, அவர்களுக்கு இரண்டு. க்யூ-ஏ-டபிள்யூ-டபிள்யூ-ஏ-எல்-ஐ, 7.

புதியவன்7
அடடா. மன்னிக்கவும். தெற்றுப்பல் அண்ணன் போட்ட முதல் சொல்லையும் தமிழில்தான் எண்ணினேன்.

தெற்றுப்பல்
தமிழில் எழுதினால் அதுவும் சுருங்கிவிடும். உயிர்மெய்யின் அருமை இப்போது புரிகிறதா?

கட்டம்63
அடுத்து எக்ஸும் இசட்டும். எனக்கு மிகப் பிடித்தது குவின்கங்க்ஸ். க்யூவில் தொடங்கி எக்ஸில் முடியும். க்யூ-யூ-ஐ-என்-சி-யூ-என்-எக்ஸ், 8 எழுத்து. தாயக்கட்டையில்... இல்லை, ஆறு முகப் பகடையில் ஐந்து புள்ளி இருக்கும் முகம் நினைவிருக்கிறதா? நான்கு மூலையில் நான்கு, நடுவில் ஒன்று. அந்த அமைப்புக்குத்தான் அந்தப் பெயர். தோப்பில் மரங்களை அப்படி நடுவதையும் அந்தச் சொல்லாலேயே சொல்வார்கள்.

எக்ஸ் இரண்டு வேண்டுமென்றால் எக்ஸிக்யூட்ரிக்ஸ், இறந்தவரின் உயிலை நிறைவேற்றும் பெண். எக்ஸில் தொடங்கி நீளமாக வேண்டுமென்றால் ஸீனோட்ரான்ஸ்பிளான்டேஷன், 19 எழுத்து, வேறு இன உயிரின் உறுப்பை மனிதனுக்குப் பொருத்துவது. 2022 ஜனவரியில் பன்றி இதயத்தை ஒருவருக்குப் பொருத்தினார்களே, அது. எழுதும்போது எக்ஸ், வாயில் வருவது ஸீ. சைலஃபோன் மாதிரி.

இசட்டுக்கு பிஸாஸ். பேரட் பி-ஐ-இசட்-இசட்-ஏ-இசட்-இசட். மிடுக்கு, பளபளப்பு, ஒரு தூக்கலான கவர்ச்சி. 7 எழுத்தில் 4 இசட். இதில் வேடிக்கை என்னவென்றால் ஸ்கிராபிளில் இதை வைக்கவே முடியாது. 100 வில்லைகளில் இசட் ஒன்றுதான். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளும் வெற்று வில்லைகள் இரண்டு. மொத்தம் மூன்று. நாலாவது இசட்டுக்கு எங்கே போவது? ராஸ்மட்டாஸுக்கும் (ஆரவாரமான பகட்டு) அதே கதி, அதிலும் 4.

நிலாப்பிரியை
பிஸாஸ் ஹிட்! காலையிலிருந்து "அம்மா உன் புடவையில பிஸாஸ் இல்ல" என்கிறாள். தமிழில் கேட்டால் வேறு மாதிரி ஒலிக்கிறது, பக்கத்து வீட்டம்மா திரும்பிப் பார்த்தார்.

எக்ஸ், ஒய், இசட் மூன்றும் வரிசையாக ஒட்டி வரும் சொல் உண்டா என்று அடுத்த கேள்வி.

மருந்துச்சீட்டு
உண்டு, தினமும் எழுதுகிறேன்! ஹைட்ராக்ஸிசின். எச்-ஒய்-டி-ஆர்-ஓ-எக்ஸ்-ஒய்-இசட்-ஐ-என்-இ (டாக் டி). ஒவ்வாமை அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரை, தூக்கம் வரும். இத்தனை நாள் கண்ணெதிரே இருந்தும் கவனித்ததே இல்லை.

கணக்குப்பிள்ளை
அருமை. இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு இதுதான். 11 எழுத்துதான், ஆனால் முதல் பக்கத்து 45-ஐ விட மேல்.

அகரவரிசை ஒட்டி வருவதில் இன்னும் உண்டு. அண்டர்ஸ்டடியில் ஆர்-எஸ்-டி-யூ நான்கும் தொடர்ந்து வரும் (டைகர் டி). நாடகத்தில் முக்கிய நடிகர் வராவிட்டால் மேடையேறத் தயாராக அதே வேடத்தைப் படித்து வைத்திருப்பவர். லிம்னோஃபைல் என்பதில் எம்-என்-ஓ-பி (பேரட் பி). குளம், ஏரி போன்ற நன்னீரில் வாழ விரும்பும் உயிரினம். ஒட்டி வராவிட்டாலும் பரவாயில்லை என்றால் ஃபீட்பேக்: ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்தும் அதற்குள் இருக்கின்றன, மொத்தமே 8 எழுத்தில்.

புதியவன்7
உயிரெழுத்தே இல்லாத நீளமான சொல் ரிதம் என்று பள்ளியில் சொன்னார்கள். ஆர்-எச்-ஒய்-டி-எச்-எம். சரியா?

கணக்குப்பிள்ளை
பாதி சரி. ஏ, இ, ஐ, ஓ, யூ இல்லை, உண்மை. ஆனால் அங்கே ஒய்தான் உயிரின் வேலையைச் செய்கிறது. அது "இ" என்று ஒலிக்காவிட்டால் அந்தச் சொல்லை யார் வாயாலும் சொல்ல முடியாது. சிசிஜி, எஸ்-ஒய்-இசட்-ஒய்-ஜி-ஒய், அதற்கும் இதே கதை. சூரியன், பூமி, நிலா போல மூன்று வான்பொருள்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பது, கிரகணம் அப்போதுதான் வரும். ஒய்யை மட்டும் வைத்துக்கொண்டு மிக நீளம் என்றால் ட்விண்டிலிங்ஸ், 12 எழுத்து, இரட்டைப்பிள்ளைகள் என்பதற்கு ஒரு பழைய எழுத்துக்கோவை.

ஒய்யும் இல்லாமல் வேண்டுமா? கூம், சி-டபிள்யூ-எம். வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது, மலையில் கிண்ணம்போல் குழிந்த பள்ளத்தாக்கு. அங்கே டபிள்யூதான் உயிர். அதையும் ஒத்துக்கொள்ளாவிட்டால் "த்ச் த்ச்" என்று நாக்கைத் தட்டுகிறோமே, அதை டி-எஸ்-கே-டி-எஸ்-கே என்று எழுதி அகராதியில் போட்டிருக்கிறார்கள். அதைச் சொல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழஞ்சுவடி
உயிரே இல்லாததைவிட உயிர் முழுதும் வரிசையில் நிற்பதில்தான் அழகு. ஃபசீஷியஸ்: ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தும் அதே வரிசையில், தலைக்கு ஒருமுறை. பொருள், எல்லோரும் தீவிரமாகப் பேசும்போது நடுவில் புகுந்து வேடிக்கை செய்வது. யாரையும் குறிப்பிடவில்லை.

தெற்றுப்பல்
ஐயா, என்னைத்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

பழஞ்சுவடி
அப்ஸ்டீமியஸும் அப்படியே, உண்பதிலும் குடிப்பதிலும் அளவோடு இருப்பவர். இரண்டுக்கும் பின்னால் எல்-ஒய் சேர்த்தால் ஒய்யும் சரியான இடத்தில் வந்து உட்காரும். தலைகீழ் வரிசைக்கு சப்கான்டினென்டல், துணைக்கண்டம் சார்ந்தது. யூ, ஓ, ஐ, இ, ஏ. இத்தனை நாள் செய்தித்தாளில் பார்த்த சொல்தான்.

நிலாப்பிரியை
ஐயா, இதை அவள் தாளில் எழுதி வட்டம் போட்டு ஒட்டிவைத்திருக்கிறாள். இன்றைய கேள்வி: இ இல்லாத மிக நீளமான சொல். நான் "ஆங்கிலத்தில் அதிகம் வரும் எழுத்தே இ-தான், அது இல்லாமல் எப்படி நீளமாகும்" என்று தப்பிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

பழஞ்சுவடி
இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன். 29 எழுத்து, ஒரு இ கூடக் கிடையாது. ஐ மட்டும் 9. ஒன்றைச் சல்லிக்காசு பெறாதது என்று மதிப்பிடுவது என்று பொருள். ஷென்ஸ்டன் என்ற கவிஞர் 1741-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதுவும் விளையாட்டாகக் கட்டியதுதான், கணக்குப்பிள்ளை கோபப்பட வேண்டாம். ஆனால் கட்டிய விதத்தைப் பாருங்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் பிள்ளைகள் படித்த லத்தீன் இலக்கணத்தில் ஒரு விதி இருந்தது. "இதை நான் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை" என்று சொல்ல எந்தெந்தச் சொல்லைப் போடலாம் என்று நான்கு உதாரணம்: ஃப்ளாக்சி, நாசி, நிஹிலி, பிலி. அந்த நான்கையும் ஒரே கயிற்றில் கட்டி வாலில் "ஃபிகேஷன்" ஒட்டிவிட்டான் எவனோ ஒரு குறும்புக்காரன். ஃப்ளாக்கஸ் என்றால் ஒரு துணுக்குக் கம்பளி இழை. நாக்கம் அற்பப் பொருள். நிஹில் ஒன்றுமில்லாதது. பைலஸ் என்றால், கேளுங்கள், மயிர்!

நம்மவர்கள் மதிப்பில்லாததை எப்படிச் சொல்கிறோம்? "துரும்பாகக்கூட மதிக்கவில்லை" என்கிறோம். கோபம் வந்தால் அந்த இன்னொரு சொல்லைச் சொல்கிறோம். ரோமானியனும் அதையேதான் சொல்லியிருக்கிறான். எங்கேயோ இருந்தவனுக்கும் நமக்கும் ஆத்திரம் வந்தால் கை போகும் இடம் ஒன்றுதான், தலை.

தெற்றுப்பல்
ஐயா!!! இனிமேல் யாராவது திட்டினால் "நீங்கள் என்னை ஃப்ளாக்சிநாசி செய்கிறீர்கள்" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவேன்.

கணக்குப்பிள்ளை
கோபம் இல்லை ஐயா. இதை ஏற்கிறேன். இதில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. 45 எழுத்துக்காரரிடம் எனக்குள்ள வழக்கே அதுதான்: "அல்ட்ராமைக்ராஸ்கோபிக்" என்று நடுவில் திணித்தது நீளத்துக்கு மட்டுமே, சிலிக்கா தூசி நுண்ணியது என்று யாருக்குத் தெரியாது?

தெற்றுப்பல்
இன்னும் விடவில்லையா அந்தப் பாவப்பட்ட நுரையீரலை?

மருந்துச்சீட்டு
இ இல்லாமல் எழுதுவது என்றதும் நினைவுக்கு வந்தது. 1939-இல் எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்பவர் 50,000 சொற்களுக்கு மேல் ஒரு முழு நாவலை இ இல்லாமல் எழுதி வெளியிட்டார். தவறி விரல் பட்டுவிடக்கூடாது என்று தட்டச்சுப்பொறியில் இ விசைக்கான கம்பியைக் கட்டியே வைத்துவிட்டாராம்.

பழஞ்சுவடி
நம்மிடம் நிரோட்டகம் உண்டே டாக்டர். உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடும் செய்யுள். ப, ம, வ மூன்றும் வராது. உ, ஊ, ஒ, ஓ, ஔ வராது. அந்தாதியே பாடியிருக்கிறார்கள். ஒரே ஓர் எழுத்தை விட்டவருக்குக் கம்பி கட்ட வேண்டியிருந்தது!

விசைவிரல்
இழையை முழுதும் படித்துவிட்டு வருகிறேன். நான் தட்டச்சு சொல்லிக்கொடுப்பவள், எனக்கு எழுத்து என்றால் விரல்தான். டைப்ரைட்டர் என்ற சொல்லையே விசைப்பலகையின் மேல்வரிசையில் மட்டும் அடித்துவிடலாம், 10 எழுத்து. இடக்கை மட்டும் போதும் என்றால் ஸ்டூவர்டெசஸ், விமானப் பணிப்பெண்கள், 12 எழுத்து. வலக்கைக்கு பாலிஃபனி, பல குரல்கள் தனித்தனி மெட்டில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசை, 9 எழுத்து. குழந்தைக்கு என்றால் லாலிபாப், அதுவும் முழுக்க வலக்கை. நடுவரிசைக்கு அல்ஃபால்ஃபா, நம்ம குதிரைமசால். கீழ்வரிசையில் எதுவும் கிடையாது, அங்கே ஓர் உயிரெழுத்தும் இல்லையே.

நிலாப்பிரியை
விசைவிரல் அக்கா, இதைப் படித்துக் காட்டியதும் கணினியைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு மணி நேரமாக இடக்கையால் மட்டும் ஏதோ அடிக்கிறாள்.

கட்டம்63
ஓர் எழுத்துகூட இரண்டாம் முறை வராத சொல்லை யாரும் தொடவில்லையே! அன்காப்பிரைட்டபிள். பதிப்புரிமை பெற முடியாதது. யூ-என்-சி-ஓ-பி-ஒய்-ஆர்-ஐ-ஜி-எச்-டி-ஏ-பி-எல்-இ. 15 எழுத்து, 15-உம் வேறு வேறு (முதலில் பேரட் பி, பின்னால் பாய் பி). ஸ்கிராபிள் பலகையும் 15 கட்டம்தான், அளவெடுத்துத் தைத்தது போல முழு வரிசையில் உட்காரும். வைக்க வாய்த்ததில்லை. வாய்க்கப்போவதுமில்லை.

டெர்மட்டோகிளிஃபிக்ஸும் 15. விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் இருக்கும் ரேகைகளைப் பற்றிய படிப்பு.

கணக்குப்பிள்ளை
எதிர்த்திசையில்: இன்டஸ்டைன்ஸ், குடல்கள். ஐ, என், டி, இ, எஸ், ஐந்து எழுத்தும் சரியாக இரண்டிரண்டு முறை. செஸ்டெட்ஸ் என்ற சொல்லை இரட்டை டி போட்டு இ சேர்த்து எழுதும் வழக்கு உண்டு (ஆறு பேர் சேர்ந்து இசைக்கும் குழுக்கள்), அதில் எஸ், இ, டி மூன்றும் மும்மூன்று முறை.

அப்புறம் புக்கீப்பர், கணக்கெழுதுபவர். ஓ-ஓ, கே-கே, இ-இ என்று மூன்று இரட்டைகள் அடுத்தடுத்து. என் பெயரே அதுதான் என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புதியவன்7
ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம் பற்றி யாருமே பேசவில்லையே? அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நீளச் சொல்.

பழஞ்சுவடி
28 எழுத்து. இங்கிலாந்தில் ஒரு திருச்சபை அரசின் சபையாக நிறுவப்பட்டிருக்கிறது. அந்தத் தகுதியைப் பறிக்கவேண்டும் என்றது ஒரு கட்சி. பறிக்கக்கூடாது என்று எதிர்த்தவர்களின் கொள்கைக்கு இந்தப் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் சூடான அரசியல் அது. அயர்லாந்தில் 1869 சட்டத்தால் 1871-இல் தகுதி போயிற்று, வேல்ஸில் 1920-இல். இங்கிலாந்தில் இன்றும் போகவில்லை, ஆக இந்தச் சொல்லுக்குரியவர்கள் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் சொல்லை நீளத்துக்கு உதாரணம் காட்டுவதைத் தவிர வேறு எதற்கும் யாரும் பயன்படுத்துவதில்லை.

நமக்கு இதில் மலைக்க ஒன்றுமில்லை. "வந்துகொண்டிருந்திருக்கமாட்டார்களோ" என்று நம் வீட்டுப் பாட்டியே மூச்சுவிடாமல் சொல்வார்.

தெற்றுப்பல்
நீளச் சொல்லைக் கண்டால் வரும் பயத்துக்கே ஒரு சொல் உண்டு: ஹிப்போபோட்டோமான்ஸ்ட்ரோசெஸ்க்விபெடாலியோஃபோபியா. 36 எழுத்து. பயப்படுபவனிடம் இதைச் சொல்வது புண்ணில் வேல் பாய்ச்சுவது.

கணக்குப்பிள்ளை
முன்னால் இருக்கும் நீர்யானையும் ராட்சதனும் பயமுறுத்த ஒட்டியவை. நடுவில் இருப்பது மட்டும் பழைய சரக்கு: செஸ்க்விபெடாலியன், ஒன்றரை அடி நீளமானது. ரோமானியக் கவி ஹொரேஸ் சொற்களை அப்படிக் கிண்டல் செய்திருக்கிறார். அது மட்டும் தனியாக 14 எழுத்து, நன்றாக வாழ்கிறது.

நிலாப்பிரியை
சொல் போதும் என்று நினைக்கிறேன், வாக்கியத்துக்குப் போய்விட்டாள். 26 எழுத்தும் வரும் வாக்கியம். நரி, நாய் வாக்கியம் (தி குயிக் பிரவுன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் தி லேசி டாக்) அவளுக்கே தெரியும்.

விசைவிரல்
அதைத் தினமும் பத்துப் பேர் தப்பாக அடிக்கிறார்கள். பழுப்பு நரி சோம்பேறி நாயின் மேல் "ஜம்ப்ஸ்", தாவுகிறது. "ஜம்ப்டு" என்று இறந்தகாலத்தில் அடித்தால் எஸ் போச்சு, 25-தான் மிஞ்சும். சரியாக அடித்தால் மொத்தம் 35 எழுத்து. இன்னும் இறுக்கமானது 29-இல் இருக்கிறது: ஸ்ஃபிங்க்ஸ் ஆஃப் பிளாக் குவார்ட்ஸ், ஜட்ஜ் மை வவ். கறுப்புப் படிகக்கல்லில் செய்த சிங்க உடல் சிலையே, என் சபதத்துக்குத் தீர்ப்பு சொல். கேட்கவே கம்பீரமாக இல்லை?

கட்டம்63
26-க்கு 26 எழுத்தில், ஒவ்வொன்றும் ஒரே முறை: மிஸ்டர் ஜாக், டிவி குவிஸ் பிஎச்டி, பேக்ஸ் ஃப்யூ லிங்க்ஸ். தொலைக்காட்சிப் புதிர்ப்போட்டிகளில் முனைவர் பட்டம் வாங்கிய ஜாக் சில காட்டுப்பூனைகளைப் பிடிக்கிறார். சுருக்கெழுத்துகளை வைத்து ஏமாற்று வேலைதான். 29-தான் என் ஓட்டு.

நிலாப்பிரியை
எல்லோருக்கும் அவள் சார்பில் ஒரு பதில். இது அவளே பள்ளியில் கேட்டு வந்தது, உங்களிடம் சொல்லச் சொன்னாள். ஸ்டார்ட்லிங், 9 எழுத்து, திடுக்கிட வைப்பது. டைகர் டியை எடுத்தால் ஸ்டார்லிங், ஒரு பறவை. எல்லை எடுத்தால் ஸ்டேரிங், முறைத்துப் பார்ப்பது. ஏயை எடுத்தால் ஸ்ட்ரிங், நூல். ஆரை எடுத்தால் ஸ்டிங், கொட்டு. மீதி டியை எடுத்தால் சிங், பாடு. ஜி போனால் சின், பாவம். எஸ் போனால் இன், உள்ளே. என் போனால் ஐ, நான்.

ஒவ்வொரு முறையும் மிச்சம் இருப்பது சொல்லாகவே இருக்கிறது. "நீளமானதுதான் வேணும்னு கேட்டியே" என்றேன். "இது கீழ இறங்குற நீளம்மா" என்றாள்.

கணக்குப்பிள்ளை
பாப்பாவுக்குச் சொல்லுங்கள், எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்பது படியும் சரி.

புதியவன்7
எம்-டி என்று முடியும் சொல் ட்ரெம்ட் (கனவு கண்டது) ஒன்றுதானா? நண்பன் பந்தயம் கட்டியிருக்கிறான்.

கட்டம்63
முன்னால் யூ-என் போட்டு அன்ட்ரெம்ட் என்று சொல்லு, கனவிலும் நினைத்திராதது என்று பொருள். பந்தயத்தில் பாதி எனக்கு.